உஷ்ணத்தைக் குடிவைக்க ஆகும் செலவு

ஏறத்தாழ 55 லட்சம் ஜனங்கள் வாழும் பின்லாந்து தேசத்தில் 30 லட்சம் சவுனாக்கள் இருப்பதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். நாட்டு மக்கள் அனைவரும் ஒரே மாலையில் நீராவிக் குளியலுக்கு அமர விரும்பினாலும் இருவருக்கு ஒன்று வீதம் இடம் கிடைத்துவிடும். ஏரிக்கரைக் குடிலிலும், நகரத்து அடுக்குமாடி வீட்டிலும், தொழிற்சாலையிலும், நாடாளுமன்றக் கட்டடத்திலும்கூடச் சவுனா உண்டு. 2020-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் பின்லாந்தின் சவுனாப் பண்பாட்டை மனிதகுலத்தின் அருவமான பாரம்பரியச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்துக் கௌரவித்தது. இவ்வளவு சாதாரணமாகிவிட்ட வஸ்துவானாலும், தம் வீட்டில் அதைப் புதிதாக அமைக்க எண்ணுகிறவர் முதலில் கேட்பது என்னவோ, எவ்வளவு செலவாகும் என்பதைத்தான். கடைக்காரர் அடுப்பின் விலையைச் சொல்லுவார். தச்சர் பலகையின் விலையையும் தம் கூலியையும் சொல்லுவார். ஆனால் அந்த விலைகளையெல்லாம் அடிப்படையில் நிர்ணயிப்பது உஷ்ணத்தின் சுபாவமே என்பதும், கண்ணுக்குத் தெரியும் பாகங்களைவிடத் தெரியாத பாகங்களிலேயே பணம் கருத்தோடு செலவாக வேண்டியிருக்கிறது என்பதும் பௌதிக சாஸ்திரத்தின் துணையோடு பார்க்கும்போதுதான் விளங்கும்.

சவுனா என்பது மரப்பலகை வேய்ந்த சிறு அறை. அதன் ஒரு மூலையில் கற்கள் அடுக்கிய அடுப்பும், சுவரை ஒட்டிப் படிப்படியாக உயரும் மரத்தட்டுகளும் இருக்கும். அறையின் காற்று சாதாரணமாக 70 முதல் 100 டிகிரி வரை சூடேறுகிறது. குளிப்பவர்கள் தட்டில் அமர்ந்து, கற்கள்மீது அவ்வப்போது கரண்டியால் ஜலம் வார்த்து ஆவி எழுப்புகிறார்கள். பழைய காலத்துப் புகைச் சவுனாவில் புகைபோக்கி கிடையாது. பெருங்குவியலாகக் கற்களை அடுக்கிப் பல மணி நேரம் விறகெரித்து, நெருப்பணைந்து, புகையும் விஷவாயுவும் முற்றிலும் வெளியேறிய பிறகே உள்ளே செல்வார்கள். கற்கள் சேமித்து வைத்த உஷ்ணமே அன்றைய இரவுக்குப் போதுமானது. பிறகு புகைபோக்கியுள்ள அடுப்புகள் வந்தன. 1930-களின் இறுதியில் மின்சார அடுப்பு தோன்றியது. இரண்டாம் உலக மகாயுத்தத்தில் இழந்த கரேலியாப் பிரதேசத்தை விட்டு வெளியேறிய ஏறத்தாழ 4 லட்சம் மக்களுக்கும், போர்முனையிலிருந்து திரும்பிய வீரர்களுக்கும் நாடெங்கும் சிறு வீடுகள் எழும்பிய காலத்தில், முதலில் சவுனாவைக் கட்டிக்கொண்டு, வீடு முடியும்வரை அதிலேயே குடியிருந்த குடும்பங்கள் பல. பின்னர் மின்சார அடுப்பு பரவவே, ஏரிக்கரையிலும் முற்றத்திலும் இருந்த சவுனா குளியலறைக்குப் பக்கத்தில் இடம் பிடித்தது. வீட்டின் உள்ளே வந்த பிறகுதான் அதன் செலவுக் கணக்கும் சிக்கலாயிற்று.

அடுப்பின் சக்தியைத் தீர்மானிக்க அந்நாட்டில் எளிய பிரமாணம் ஒன்று வழங்குகிறது: அறையின் அளவில் கன மீட்டர் ஒன்றுக்கு ஒரு கிலோவாட். இரண்டு மீட்டர் நீளமும், இரண்டு மீட்டர் அகலமும், 2.1 மீட்டர் உயரமும் உள்ள அறையின் கன அளவு 8.4 கன மீட்டர். ஆகவே எட்டு அல்லது ஒன்பது கிலோவாட் அடுப்பு அதற்கு ஏற்றது. ஆனால் சுவரில் செங்கல்லோ, ஓடோ, கண்ணாடியோ காப்பின்றி வெளிப்பட்டிருந்தால், அப்படிப்பட்ட பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் கணக்கில் 1.2 முதல் 1.5 கன மீட்டர் வரை கூட்டிக்கொள்ள வேண்டும். இன்று பலர் விரும்பும் முழுக் கண்ணாடிச் சுவர் அழகாய் இருக்கிறதென்பது மெய். அதற்காக அடுப்பின் அளவையும் மின்கம்பியின் கனத்தையும் கூட்ட வேண்டியிருக்கிறதென்பதும் அவ்வளவு மெய். ஒன்பது கிலோவாட் அடுப்பு 230 வோல்ட்டில் ஒரே ஃபேஸில் ஓடினால் 39 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். 400 வோல்ட் மூன்று ஃபேஸில் பங்கிட்டால் ஒவ்வொன்றிலும் 13 ஆம்பியர்தான். பின்லாந்தில் சாதாரண வீடுகளுக்கும் மூன்று ஃபேஸ் இணைப்பு வழக்கமாக இருப்பதால் அங்கே இந்தச் செலவு அடக்கமாக முடிகிறது. அவ்வசதி இல்லாத தேசங்களில் அடுப்பின் விலைக்கு ஈடாக மின்கம்பி வேலைக்கே செலவழிக்க நேர்ந்துவிடும். மின்சாரத்தால் வீட்டைச் சூடேற்றும் குடும்பங்களில், சவுனா அடுப்பு எரியும் நேரத்தில் அறைகளின் வெப்பக் கருவிகள் தாமே அணைந்திருக்கும்படி இணைப்பைச் செய்து, வீட்டின் பிரதான ஃப்யூஸுக்கு அதிக பாரம் ஏறாமல் காப்பாற்றுகிறார்கள்.

இவ்வளவு சக்தி எதற்கு வேண்டியிருக்கிறது? காற்றைச் சூடாக்குவதற்கு என்றுதான் எவரும் நினைப்பார்கள். கணக்கிட்டுப் பார்த்தால் ஆச்சரியம் காத்திருக்கிறது. மேற்சொன்ன அறையிலுள்ள காற்றின் எடை சுமார் 10 கிலோ. அதை 20 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்கு உயர்த்த 600 கிலோஜூல் போதும். மின்சார அளவில் அது யூனிட்டில் ஆறில் ஒரு பங்குதான். ஆனால் அடுப்பிலுள்ள 25 கிலோ கல் சராசரியாக 300 டிகிரி ஏறுவதற்கு 1.8 யூனிட் வேண்டும். சுவரையும் கூரையையும் மூடிய 15 மில்லிமீட்டர்ப் பலகையின் எடை 140 கிலோ அளவில் இருக்கும். அது நாற்பது டிகிரி ஏறுவதற்கு இரண்டரை யூனிட்டுக்கு மேல் செலவாகிறது. அமரும் தட்டுகளும் அடுப்பின் இரும்புக் கூடும் சேர்ந்து மேலும் ஒரு யூனிட்டை உட்கொள்கின்றன. சுவாசத்துக்காகப் புதுக் காற்று மணிக்கு ஆறு தடவை மாறினால் அதைச் சூடாக்க மணிக்கு ஒரு யூனிட் வீதம் போகிறது. வார்க்கும் ஜலத்தில் லிட்டர் ஒன்றை ஆவியாக்க 0.7 யூனிட்டுக்குச் சற்று மேலே ஆகும். இவற்றோடு சுவர்களின் வழியே கசிவதையும் கூட்டினால், இரண்டு மணி நேரச் சவுனாவுக்கு எட்டு முதல் பத்து யூனிட் என்று கணக்கு முடிகிறது. அதில் பாதிக்கு மேற்பட்டது, ஒருவரும் உள்ளே நுழைவதற்கு முன்பே கல்லுக்கும் பலகைக்கும் கொடுத்துத் தீர்ந்துவிடுகிறது என்பதை இங்கே நினைவில் பதித்துக்கொள்ள வேண்டும்.

சுவர்க் கசிவைத் தனியே எடுத்துப் பார்ப்பதும் பிரயோஜனமுள்ளது. பாலியுரேதேன் நுரைப்பலகையை ஐந்து சென்டிமீட்டர்க் கனத்தில் வைத்து மூடிய 20 சதுர மீட்டர்ச் சுவரும் கூரையும், உள்ளே 80 டிகிரியும் வெளியே 20 டிகிரியும் இருக்கும்போது சுமார் 500 வாட் உஷ்ணத்தை இழக்கின்றன. ஒன்றரைச் சதுர மீட்டர் அளவுள்ள ஒற்றைக் கண்ணாடிக் கதவு மட்டும் தனியாக ஏறக்குறைய அதே 500 வாட்டை இழக்கிறது! காப்புப் பலகையில் சில நூறு யூரோ மிச்சம் பிடித்து, அந்தப் பணத்தில் கண்ணாடியைப் பெரிதாக்குகிறவர், வாழ்நாள் முழுவதும் அதற்கு வட்டி கட்டுகிறார்.

இனி ஆவியின் கதைக்கு வருவோம். இதுவே சவுனாவின் ஜீவன், அதன் நிர்மாணச் செலவின் பெரும்பகுதிக்கும் இதுவே காரணம். 80 டிகிரிக் காற்றில் மனிதன் அமர்ந்திருக்க முடிவது, அது மிகவும் வறண்டிருப்பதாலும், உடம்பில் சுரக்கும் வியர்வை உடனுக்குடன் ஆவியாகி உஷ்ணத்தை எடுத்துச் செல்வதாலுமே. கற்கள்மீது 200 மில்லிலிட்டர்க் கரண்டியால் இரண்டு முறை ஜலம் வார்த்துவிட்டால் நிலைமை தலைகீழாகிறது. ஒரு லிட்டர் ஜலம் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,700 லிட்டர் இடத்தை அடைத்துக்கொள்வதால், ஆவி வேகமாக மேலெழுந்து கூரையில் பரவிக் குளிப்பவரின் தோள்மீது இறங்குகிறது. அப்போதும் அறைக் காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு இருபதைத் தாண்டுவதில்லை. ஆனால் அந்தக் காற்றின் பனிநிலை, அதாவது எந்த வெப்பநிலையில் உள்ள பொருளின்மேல் ஈரம் துளியாகப் படியத் தொடங்குமோ அந்த அளவு, 40 டிகிரிக்கு மேல் உயர்ந்துவிடுகிறது. மனிதனின் சருமமோ அதைவிடக் குளிர்ந்தது. ஆகவே அறையிலுள்ள பொருள்களிலெல்லாம் குளிர்ந்த பொருளாகிய மனித உடம்பின்மேலேயே ஆவி நீர்த்துளியாகிப் படிந்து, தன்னுள் மறைந்திருந்த உஷ்ணத்தை அங்கே இறக்கிவைக்கிறது. இட்லிப் பானையின் மூடியைத் திறக்கும்போது மேலெழும் ஆவி, அதே சூடுள்ள வறண்ட காற்றைவிடக் கையைக் கடுமையாகச் சுடுவதற்கும் இதுவே காரணம். லோய்லு என்று பின்லாந்தியர் போற்றும் ஆவி அலை மேனியெங்கும் சுரீரென்று படர்வது, பெரும்பாலும் வியர்வையின் வேலையன்று. ஆவி ஜலமாக மாறும் அந்தக் கணத்தின் வேலை.

எந்த நியமத்தின்படி ஆவி உடம்பை நாடுகிறதோ, அதே நியமத்தின்படி அது சுவரின் உள்ளேயும் குளிர்ந்த இடத்தைத் தேடிச் செல்கிறது. வெளியே பனிக்காலத்தில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழ் 20 டிகிரி இருக்கும் நாட்டில், பலகையின் இடுக்கு வழியாகக் காப்புப் பொருளுக்குள் நுழைந்த ஈரம் எங்கோ நடுவழியில் குளிர்ந்து நீராகித் தேங்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல உள்ளிருக்கும் மரச்சட்டம் பூஞ்சணம் பிடித்து உளுத்துப்போகும். இதைத் தடுப்பதற்காகவே காப்புப் பொருளின் உட்புறத்தில், வெப்பமான பக்கத்தில், அலுமினியத் தகடு முழுவதுமாகப் பரப்பி, ஒவ்வோர் இணைப்பையும் அலுமினியப் பட்டையால் ஒட்டி மூடுகிறார்கள். அந்தத் தகட்டுக்கும் பலகைக்கும் நடுவே விரலளவு இடைவெளி விட்டு, பலகையின் பின்புறமும் காற்றுப்பட்டு உலரும்படி செய்கிறார்கள். தகட்டின் விலை அற்பம். ஆனால் மின்கம்பி நுழையும் துளையையும், மூலை முடுக்குகளையும் பொறுமையாக மூடும் வேலைக்காரரின் நேரம் அற்பமன்று. வேலை முடிந்து பலகை ஏறிய பிறகு அதை ஒருவரும் பார்க்கப்போவதில்லை. அவசரக்காரர் அங்கே மிச்சப்படுத்திய அரைநாள் கூலிக்காகப் பத்தாண்டு கழித்துச் சுவரையே பெயர்த்துக் கட்ட நேரிடும். தரைக்கு நீர் புகாத பூச்சிடுவதும் இந்த வகையைச் சேர்ந்த செலவே.

மேல்தட்டில் அமர்பவர் தம் கைக்கு அருகே இரண்டு பொருள்களைக் கவனிக்கட்டும்: ஒன்று, தட்டின் மரம்; மற்றொன்று, தச்சர் உள்ளே பதிக்க மறந்துவிட்ட ஆணித்தலை. இரண்டும் அதே காற்றில் அதே நேரம் இருந்து அதே 80 டிகிரியை அடைந்தவை. எனினும் மரத்தின்மேல் உள்ளங்கையை வைத்து நிம்மதியாக அமரலாம், ஆணித்தலையில் விரல் பட்டால் துடித்து எடுத்துக்கொள்ள வேண்டும். எஃகு உஷ்ணத்தைக் கடத்தும் திறன் மென்மையான மரத்தின் திறனைப்போல நூறு மடங்குக்கு மேற்பட்டது. மரம் தன் மேற்பரப்பிலுள்ள சொற்ப உஷ்ணத்தைக் கொடுத்துவிட்டு, ஆழத்திலிருந்து அடுத்த தவணையைக் கொண்டுவர நெடுநேரம் எடுத்துக்கொள்கிறது. இதனால்தான் ஆணியைத் தட்டின் அடிப்புறத்திலிருந்து அடிக்கிறார்கள். இதனால்தான் பிசின் கசியும் பைன் மரத்தைத் தட்டுக்குத் தவிர்த்துவிட்டு, கனம் குறைந்து கணுக்கள் அரிதாயுள்ள ஆஸ்பென், ஆல்டர் மரங்களுக்கு அதிக விலை கொடுக்கிறார்கள்.

கல்லிலும் அவ்விதமே பேதம் உண்டு. ஆற்றங்கரையில் கிடைக்கும் அழகிய கூழாங்கல்லும் கருங்கல்லும் இலவசமாகக் கிடைக்கலாம். ஆனால் கருங்கல்லில் கலந்திருக்கும் குவார்ட்ஸ் படிகம் 573 டிகிரியில் தன் உள்ளமைப்பை மாற்றிக்கொண்டு திடீரென்று பருமன் பெருகுவதால், கல் விண்டு நொறுங்குகிறது. மின்கம்பிச் சுருளை ஒட்டியிருக்கும் கற்கள் மிகக் கடுமையாகச் சூடேறுகின்றன என்பதையும், அந்தச் சூட்டின்மேல் குளிர்ந்த ஜலம் விழுகிறது என்பதையும் எண்ணிப் பார்த்தால், குவார்ட்ஸ் இல்லாத பெரிடோடைட், ஆலிவின் டயபேஸ் போன்ற அடர்ந்த பாறைகளை விலை கொடுத்து வாங்குவதன் நியாயம் தெரியவரும். அவையும் காலக்கிரமத்தில் பொடியாகும். பொடி இடுக்குகளை அடைத்துக் காற்றோட்டத்தைத் தடுத்தால் சுருள் தன் சூட்டிலேயே கருகிப் போகும். எனவே ஆண்டுக்கொரு முறையேனும் கற்களைக் கீழிறக்கி, உதிர்ந்தவற்றை நீக்கி, நெருக்கமின்றி மறுபடி அடுக்குவது நல்லது. சிக்கனத்தின் பொருட்டு இதைத் தள்ளிப்போடுவது அடுப்பையே புதிதாக வாங்குவதில் முடியும்.

பணம் செலவாகாமலே பயன் பெறக்கூடிய இடமும் இங்கே இருக்கிறது. சூடான காற்று மேலே தங்குவதால் கூரைக்கருகே 90 டிகிரிக்கு மேலும், தரையில் அதன் பாதிக்குக் குறைவாகவும் வெப்பநிலை இருப்பது சகஜம். குளிப்பவரின் பாதங்கள் அடுப்புக் கற்களின் மேல்மட்டத்துக்கு உயரே இருக்க வேண்டும் என்று பின்லாந்திய அனுபவஸ்தர்கள் வற்புறுத்துவது இந்தக் காரணத்தால்தான். தட்டைத் தாழ்வாக அமைத்துவிட்டால், தலை வேகும்போது கால் குளிர்ந்திருக்கும். அந்தக் குறையைப் போக்க அடுப்பை இன்னும் முடுக்குவது மின்சாரத்தை வீணாக்குவதேயன்றி வேறில்லை. கூரையை அநாவசியமாக உயர்த்துவதும் அவ்வாறே, எட்டாத உயரத்தில் உஷ்ணத்தைக் கொண்டுபோய்த் தேக்குவதாகும்.

விறகடுப்பின் கணக்கு வேறு. நன்கு உலர்ந்த பர்ச் விறகு கிலோ ஒன்றில் நான்கு யூனிட் அளவுக்குச் சக்தி அடங்கியிருப்பதால், காட்டுக்கு அருகே வசிப்பவருக்கு எரிபொருட் செலவு பொருட்டன்று. ஆனால் புகைபோக்கி கட்டுவதும், தீ பரவாதபடி சுவரிலிருந்து தூரம் விட்டு அடுப்பை நிறுத்துவதும், ஆண்டுதோறும் கரி துடைப்பதும் செலவுகளே. ஈர விறகைக் காற்றில்லாமல் புகைய விடும்போது எழும் நுண்துகள்கள் நுரையீரலுக்குத் தீங்கு செய்பவை என்பதால், நெருங்கிய குடியிருப்பில் அந்தச் செலவின் ஒரு பங்கை அண்டை வீட்டார் ஏற்கிறார்கள்.

இப்போது பணத்தைத் தொகுத்துப் பார்க்கலாம். வீட்டு உபயோகத்துக்குரிய மின்சார அடுப்பு சில நூறு யூரோவிலிருந்து ஆயிரத்துக்கு மேலும் விற்கிறது. காப்பு, தகடு, பலகை, தட்டு, தரை, மின்கம்பி, கூலி எல்லாம் சேரும்போது செலவு பல ஆயிரங்களாக விரிகிறது. கணக்குக்காக மொத்தம் 8,000 யூரோ என்றும், சவுனா இருபது ஆண்டு நிலைக்கும் என்றும், வாரம் இரண்டு முறையாக ஆண்டுக்கு நூறு முறை சூடேற்றப்படும் என்றும் வைத்துக்கொள்வோம். தடவைக்கு நான்கு யூரோ நிர்மாணச் செலவாகிறது. மின்சாரம் யூனிட்டுக்கு 20 சென்ட் என்றால் பத்து யூனிட்டுக்கு இரண்டு யூரோ. ஆகவே பலர் அஞ்சும் மின்கட்டணத்தைப்போல இரண்டு மடங்கு, கட்டிய செலவின் பங்காக இருக்கிறது. அதே சவுனாவை மாதம் ஒரு முறை மட்டும் உபயோகிப்பவருக்கு ஒவ்வொரு குளியலும் 33 யூரோவுக்கு மேல் நிர்மாணச் செலவைச் சுமத்தும். இதிலும் இடத்தின் விலை சேரவில்லை. ஹெல்சின்கி நகரத்து அடுக்குமாடி வீட்டில் சதுர மீட்டர் 5,000 யூரோ என்று மதிப்பிட்டாலும், மூன்று சதுர மீட்டர்ச் சவுனா அடைத்துக்கொள்ளும் தரை 15,000 யூரோ பெறும். சிறு வீடுகளில் சவுனாவை மூட்டை முடிச்சுகளும் துணிமணிகளும் வைக்கும் அறையாக்கிக் கொண்டவர்கள் உண்டு. அவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும்: அடுப்பின் மேலோ அருகிலோ துணி உலர்த்துவதும் சாமான் குவிப்பதும் அந்நாட்டில் தீ விபத்துகளுக்கு அறியப்பட்ட காரணம்.

பாதிக்கு மேற்பட்ட மின்சாரம் கல்லையும் பலகையையும் சூடேற்றவே போய்விடுகிறது என்று முன்பு கண்டோம். இதிலிருந்து கிடைக்கும் முடிவு மிக முக்கியமானது: ஒருமுறை சூடேறிய சவுனாவில் ஒருவர்பின் ஒருவராக எத்தனை பேர் அமர்ந்தாலும் அந்த முதற்செலவு திரும்ப ஏற்படுவதில்லை. பின்லாந்தின் அடுக்குமாடிக் கட்டடங்களில் குடியிருப்பவர்கள் அனைவருக்கும் பொதுவாக ஒரு சவுனா அமைத்து, குடும்பத்துக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் என்று முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் வழக்கம் நெடுங்காலமாக இருந்துவருகிறது. தம்பெரே நகரின் பிஸ்பாலாப் பகுதியில் 1906 முதல் நடந்துவரும் ராஜபோர்த்தி பொதுச் சவுனாவும், ஹெல்சின்கியின் கல்லியோவில் 1928-இல் தொடங்கிய கோத்திஹர்யு சவுனாவும் இன்றும் விறகு எரித்து ஊராருக்கு ஆவி வழங்குகின்றன. 2022 மே மாதத்தில் ரஷ்யாவிலிருந்து வந்துகொண்டிருந்த மின்சாரம் நின்று, அடுத்து வந்த பனிக்காலத்தில் விலை கடுமையாக ஏறியபோது, அரசாங்கமே முன்னின்று நடத்திய சிக்கனப் பிரசாரம், மின்சாரச் சவுனாவை அடிக்கடி சூடேற்றாதிருக்கும்படி ஜனங்களைக் கேட்டுக்கொண்டது. குடும்பத்தினர் தனித்தனி வேளையில் போகாமல் ஒரே வேளையில் போவது நல்லதென்ற பழைய அறிவுக்கு அந்தப் பனிக்காலம் புதிய மதிப்பைத் தந்தது.

ஆகவே சவுனா அமைக்க எண்ணுகிறவருக்குச் சொல்லத்தக்கவை இவையே. அறையைச் சிறிதாக வையுங்கள், கூரையைத் தாழ்த்துங்கள், கண்ணாடியைக் குறையுங்கள், காப்பிலும் தகட்டிலும் காற்றோட்டத்திலும் கைச்சுருக்கம் வேண்டாம், அடுப்பின் பளபளப்புக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். வாரம் ஒரு முறையாவது குடும்பத்தாரோ நண்பரோ கூடி அமர்வார்கள் என்ற உறுதியிருந்தால் மட்டும் வீட்டுக்குள் கட்டுங்கள். அந்த உறுதியில்லாதவர் பொதுச் சவுனாவுக்குச் செல்வதே பணத்துக்கும் நியாயம், மின்சாரத்துக்கும் நியாயம். உஷ்ணத்தைச் சேமிக்க ஆகும் செலவு எல்லாருக்கும் ஒன்றே. அதை எத்தனை பேர் பங்கிட்டுக்கொள்கிறார்கள் என்பதில்தான் தலைக்கு விழும் விலை ஏறுவதும் இறங்குவதும் இருக்கிறது.